ஆறடி செக்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் வாழைத்தண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவுக்காக ஒரு நிதி வைத்திருக்கிறோம். அதன் செயலாளர்தான் பேசினார்.

"சார், ஆண்டு விழா சௌடய்யா ஹால்ல வெச்சிருக்கோம். இந்த வருஷம் ரெண்டு பசங்களுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டறோம். நீங்கதான் பேங்க் ஆச்சே, அந்தப் பெரிய செக் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக் குடுங்களேன்."

"எந்தப் பெரிய செக்?"

"அதான் சார், கிரிக்கெட் மேட்ச் முடிஞ்சதும் குடுப்பாங்களே, ஆறடிக்கு. மேடையில நாலு பேர் புடிச்சிக்கிட்டு நின்னா போட்டோ நல்லா வரும்."

"பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வாழைத்தண்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை. எனக்கும் அந்த ஆறடி செக்குக்கும் இருபது வருடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த செக்கின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் பி.காம். படித்தவன், இருபத்துச் சொச்சம் வருடமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதி போதும் என்று நினைக்கிறேன் :-)

முதலில், செக் என்றால் என்ன? நம் நாட்டில் இதற்கான சட்டம் 1881ல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், பல திருத்தங்களோடு இன்றைக்கும் ஓடுகிறது. அது கேட்பது சில விஷயங்களைத்தான். எழுத்தில் இருக்க வேண்டும். நிபந்தனை இல்லாத உத்தரவாக இருக்க வேண்டும். தொகை தெளிவாக இருக்க வேண்டும். யாருக்கு என்று இருக்க வேண்டும். எந்த வங்கி மேல் என்று இருக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சட்டத்தில் நீள அகலக் கணக்கு எதுவும் கிடையாது.

இந்த ஓட்டையை வைத்து இங்கிலாந்தில் ஏ.பி. ஹெர்பர்ட் என்ற எழுத்தாளர் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். வருமான வரிக்காரர்கள் மேல் கடுப்பான ஹேடாக் என்ற ஆசாமி, ஒரு பசு மாட்டின் உடம்பில் செக் எழுதி, மாட்டையே ஓட்டிக்கொண்டு போய் "இந்தாருங்கள் வரி" என்று நிறுத்துகிறார். செக்கைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது என்பது அவர் வாதம். முழுக்கக் கற்பனை வழக்கு. 'பஞ்ச்' பத்திரிகையில் ஹெர்பர்ட் எழுதிவந்த இந்த மாதிரி வழக்குகள் 1935ல் புத்தகமாகவும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அது நிஜ வழக்கு என்று நம்பி மேற்கோள் காட்டியவர்களும் உண்டு.

இன்றைக்கு ஹேடாக்கின் மாடு நம் வங்கிகளில் செல்லாது. 2008 முதல் படிப்படியாக செக்கின் காகிதம் ஊர் ஊராகப் பயணம் செய்வது நின்றுவிட்டது. ஸ்கேனரில் போட்டுப் படம் எடுத்து, படம்தான் போகிறது. அதற்காக 2010ல் ரிசர்வ் வங்கி ஒரு தரத்தை வகுத்தது. கிட்டத்தட்ட 8 அங்குல நீளம், மூன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரெழுத்து, நகல் எடுத்தால் காட்டிக்கொடுக்கும் மறை எழுத்து... ஆறடி செக்கில் இதெல்லாம் எதுவும் கிடையாது. செக் நம்பர் இருக்காது. கணக்கு எண் இருக்காது. பெரும்பாலும் கையெழுத்தும் இருக்காது. சட்டப்படி அது ஒரு தட்டி. அவ்வளவுதான். நிஜ செக்குக்கு 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான் ஆயுள். தட்டிக்கு அந்தக் கவலையும் கிடையாது, பீரோவுக்குப் பின்னால் பல வருடம் தூசி பிடித்துக் கிடக்கும்.

இந்தத் தட்டியை உலகப் புகழ் ஆக்கியதில் அமெரிக்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் என்று ஒரு கம்பெனி. வீடு வீடாகத் தபால் அனுப்பிப் பத்திரிகைச் சந்தா பிடிப்பார்கள், கூடவே பரிசுக் குலுக்கல். 1988ல் அவர்கள் பரிசு விழுந்தவர் வீட்டுக்கே கேமராவோடு போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். பலூன், பூங்கொத்து, கூடவே ஆள் உயர செக். கதவைத் திறந்த அம்மா அலறி அழுவதுதான் விளம்பரம்.

இதில் ஒரு விசித்திரம். எட் மெக்மேன் என்ற டிவி பிரபலம் அந்தப் பெரிய செக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்று பல அமெரிக்கர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள். அவர் போனதே இல்லை. அவர் விளம்பரம் செய்தது அமெரிக்கன் ஃபேமிலி பப்ளிஷர்ஸ் என்ற போட்டிக் கம்பெனிக்கு. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் மனதில் அந்தப் படம் அப்படித்தான் பதிந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊருக்கு வருவோம். வங்கித் தொழிலுக்கு மேடையே தேவைப்படாத ஒரு காலம் இருந்தது. நான் இப்போது குடியிருக்கும் கர்நாடகத்தின் கடலோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி இரண்டும் 1906. கர்நாடகா வங்கி 1924. சிண்டிகேட் வங்கி 1925. விஜயா வங்கி 1931. எல்லாம் மங்களூர், உடுப்பி மண்ணில் முளைத்தவை. இதில் சிண்டிகேட் வங்கி 1928ல் 'பிக்மி' என்று ஒரு சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தது. ஏஜென்ட் தினமும் வீட்டு வாசலுக்கே வருவார். 2 அணா இருந்தாலும் வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துவிட்டுப் போவார். பிக்மி என்றால் குள்ளன். பெயரிலேயே அவர்கள் சின்னத்தைத்தான் பெருமையாக வைத்தார்கள். ஒரு போட்டோ இல்லை, மாலை இல்லை. நெசவாளியும் பூ விற்பவரும் தினம் கொடுத்த காசில் ஒரு வங்கி வளர்ந்தது.

1969 ஜூலை 19ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980ல் இன்னும் 6. பணம் ஏழைகளுக்கும் போக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், எங்கள் தெருவில் முதல் தையல் மெஷின் வந்ததே அப்படி ஒரு கடனில்தான். 1972ல் 4 சதவீத வட்டிக் கடன், அப்புறம் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடனோடு கூடவே மேடையும் வந்தது. 1980களில் மத்திய நிதித்துறை இணை அமைச்சராக இருந்த ஜனார்த்தன பூஜாரி, மங்களூர்க்காரர், ஊர் ஊராக நடத்திய 'லோன் மேளா' அந்தத் தலைமுறை வங்கி ஊழியர்கள் யாரும் மறக்காத சொல். மைதானத்தில் பந்தல், ஆயிரக்கணக்கில் ஜனம், மேடையில் வைத்துக் கடன்.

என் முதல் மேனேஜர் அந்த மேளாக்களில் வேலை பார்த்தவர். டீ குடிக்கும்போதெல்லாம் அதைப் பற்றிப் பொரிந்து தள்ளுவார். ஆளை விசாரிக்க நேரம் இல்லை, லிஸ்டைக் கையில் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வசூலுக்குப் போனால் "அது சர்க்கார் குடுத்தது சார்" என்று பதில் வந்தது என்பார். அதே மனிதர் இன்னொன்றும் சொல்வார். "ஆனா ஒண்ணுப்பா, அன்னிக்கு வரைக்கும் பேங்க் வாசப்படி மிதிக்காதவன் அன்னிக்குத்தான் உள்ள வந்தான். அதையும் மறந்துடக்கூடாது." இரண்டும் உண்மை. 1990ல் 10,000 ரூபாய் வரை கடன் நிவாரணம் வந்ததும், 1991ல் நரசிம்மம் கமிட்டி வங்கிகள் மேல் அரசியல் தலையீட்டைச் சுட்டிக்காட்டியதும் இதன் தொடர்ச்சிதான்.

அடுத்து வந்ததுதான் மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1992ல் நபார்டு அந்தக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பத்துப் பதினைந்து பெண்கள், மாதம் கொஞ்சம் சேமிப்பு, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன். நான் பார்த்த கடன்களிலேயே ஒழுங்காகத் திரும்பி வந்தவை இவைதான். இதற்கும் ஒரு விழா வேண்டியிருந்தது. அதே சமயத்தில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஆறடி செக் நம் ஊர் மேடைகளில் ஏறிவிட்டது.

இப்போது என் கதை.

2006. தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமக் கிளை. எனக்கு இருபத்தாறு வயது, மேலிடம் சொன்னதற்கெல்லாம் ஓடுகிற வயது. ஆறு குழுக்களுக்குக் கடன் வழங்கும் விழா. கல்யாண மண்டபத்தில் மேடை, மாவட்ட அதிகாரி ஒருவர் வருகிறார். ஆறு குழுவுக்கும் ஆறு செக் அடித்தால் செலவாகும் என்று மேனேஜர் ஒரு யோசனை செய்தார். தெர்மாகோல் மேல் ஃப்ளெக்ஸ் ஒட்டிய ஒரே ஒரு செக். பெயரும் தொகையும் இருக்கும் இடம் காலி. ஆறு குழுவின் பெயர், ஆறு தொகை, தனித்தனி வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழு மேடை ஏறும்போதும் தாளை மாற்றிக் குண்டூசி குத்த வேண்டியது. மாற்றுகிறவன் நான். திரைக்குப் பின்னால் நின்றேன்.

மூன்று குழு ஒழுங்காக முடிந்தது. நாலாவது குழுவுக்கு மாற்றும்போது பெடஸ்டல் ஃபேன் காற்றில் தாள்கள் பறந்தன. "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று மேடையில் இருந்து குரல். கையில் கிடைத்ததைக் குத்தி அனுப்பினேன். பெயர் சரி. தொகை மாறிவிட்டது. அந்தக் குழுவுக்கு சாங்ஷன் ஆனது 1,50,000 ரூபாய். செக்கில் இருந்தது 3,00,000. யாரும் கவனிக்கவில்லை. கைதட்டல், போட்டோ, அடுத்த குழு.

மறுநாள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அந்தப் படம்தான் வந்தது. ஆறு படத்தில் அது ஒன்றுதான்! அந்தக் குழுவின் ஊக்குநர், நாற்பது வயது இருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நடுவில் நிற்கிறார். ஜாக்கெட்டுக்குப் பொருத்தமாகப் புதுப் புடவை. கையில் மூன்று லட்சம்.

பணம் குழுவின் கணக்கில் ஏற இன்னும் மூன்று வாரம் ஆனது. பத்திரங்களில் ஏதோ கையெழுத்து பாக்கி. ஏறியதும் அக்கா வந்து எடுத்து, பதினைந்து பேருக்கும் தலா 10,000 பிரித்துக் கொடுத்தார். அன்றைக்கு சாயங்காலமே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பேப்பரில் மூன்று லட்சம் என்று போட்டிருக்கிறதே, ஆளுக்கு இருபதாயிரம் வர வேண்டுமே, மீதி எங்கே?

அக்கா கிளைக்கு வந்து நின்றபோது நான் சிரித்துவிட்டேன். இதென்ன பெரிய விஷயம், பாஸ்புக்கைக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பாஸ்புக்க காட்டிட்டேன் சார். அத நீங்களும் நானும் சேந்து எழுதிக்கிட்டதுன்னு சொல்றாளுங்க. மேடையில எல்லார் முன்னாடியும் குடுத்தது பொய்யா, இந்தச் சின்ன புக்கு நெசமான்னு கேக்கறாளுங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

மறுநாள் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு என்னுடையது, தாள் மாறிவிட்டது என்று சொன்னேன். சாங்ஷன் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். கிளையின் முத்திரையோடு ஒரு கடிதமும் கொடுத்தேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். "சார் நல்லவரு, அதான் அவளுக்காக வந்து பேசறாரு" என்று ஒரு பாட்டி என் காதுபடவே சொன்னார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அக்கா ஊக்குநர் பொறுப்பை விட்டுவிட்டார். ஐந்து வருடம் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர். அந்தக் குழு கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தது. அவர் பங்கையும் அவர் கட்டினார். ஆனால் அதற்கப்புறம் கிளைக்கு வந்தால் என்னிடம் வரமாட்டார், அடுத்த கவுண்டருக்குப் போவார்.

வேறு வேலையாக ஒரு முறை அந்த ஊருக்குப் போனபோது அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்தேன். கூரை ஓட்டைக்கு அந்த ஃப்ளெக்ஸைத்தான் போர்த்தியிருந்தார்கள். விழா முடிந்து மண்டபத்தில் கிடந்ததை யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வங்கிச் சின்னம் மேலே, பெயரும் தொகையும் இருக்க வேண்டிய இடம் காலியாக, மழை ஒழுகாமல் இருந்தது. அந்த செக்கால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

எட் மெக்மேன் ஞாபகம் இருக்கிறதா? பெரிய படம் ஒன்று மனதில் ஏறிவிட்டால் சின்ன எழுத்தில் இருக்கும் உண்மை அதை இறக்க முடியாது. அமெரிக்காவில் அது வேடிக்கை. எங்கள் கிராமத்தில் ஒரு பெண்ணின் நாணயத்தைத் தின்றுவிட்டது.

இதையெல்லாம் யோசிக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. இப்போது பணத்துக்குக் காகிதமே தேவையில்லை. 2013 ஜனவரி முதல் அரசின் உதவித் தொகைகள் படிப்படியாக நேரடியாகக் கணக்குக்கே போகின்றன. 2014 ஆகஸ்டில் ஜன் தன் கணக்குகள் வந்தன. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு குறுஞ்செய்திதான். நியாயமாகப் பார்த்தால் ஆறடி செக் அழிந்திருக்க வேண்டும். நேர்மாறாக, எங்கு பார்த்தாலும் அதுதான். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க விழாக்களில்கூட, வெள்ள நிவாரணமோ பள்ளிக்கூட நிதியோ, பெரிய செக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் இல்லாமல் இருப்பதில்லை. காரணம் எளிது. கணக்கில் பணம் ஏறுவதைப் போட்டோ எடுக்க முடியாது.

அதைத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. நூறு குடும்பம் காசு போட்டிருந்தால் அந்தக் காசு எங்கே போனது என்று நூறு குடும்பமும் பார்க்க வேண்டும்தானே? வெளிப்படையாகக் கொடுப்பதும் ஒரு தணிக்கைதான். ஆனால் நிஜ செக்கில் பணம் வாங்குபவர் பெயர்தான் முதல் வரி. ஆறடி செக்கில் கொடுப்பவரின் சின்னமும் பெயரும்தான் கண்ணில் அறைகிறது. வாங்குபவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் ஆகிவிடுகிறார். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கடமை வேறு.

செயலாளருக்கு அன்று ராத்திரி போன் செய்து அக்கா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என்னதான் சார் பண்ணலாம்? டோனர்ஸ் எல்லாம் வருவாங்களே" என்றார். புதன்கிழமையே இரண்டு காலேஜ் கணக்குக்கும் ஃபீஸை அனுப்பிவிடலாம், ரசீதுகளை வாங்கிவிடலாம், நிதியின் வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சடித்து வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் மேடை ஏறுவதும் ஏறாததும் அவர்கள் இஷ்டம் என்று சொன்னேன். கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்.

சௌடய்யா ஹாலைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மல்லேஸ்வரத்தை ஒட்டி வயாலிகாவலில் இருக்கிறது, 1980ல் திறந்தது. கட்டடமே வயலின் வடிவம். நரம்பு, வில், முறுக்காணி எல்லாம் உண்டு. மைசூர் சௌடய்யாவின் நினைவாகக் கட்டியது. மைக் சரியாக இல்லாத காலத்தில் கடைசி வரிசை ரசிகனுக்கும் கேட்க வேண்டும் என்று நாலு தந்தி வயலினில் கூடுதல் தந்திகள் சேர்த்து ஏழாக்கி வாசித்தவர் அவர். விழா அன்று வாசலில் நின்று அந்த ராட்சச வயலினை அண்ணாந்து பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. பெரிதாக்குவதில் தப்பில்லை, அவர் சுருதியைச் சரியாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் பெரிதாக்கினார்.

விழா நன்றாகவே நடந்தது. ஒரு பையன் மேடைக்கு வந்து இரண்டு நிமிடம் பேசினான். அந்தப் பெண் வர விரும்பவில்லை, அவள் அம்மா மட்டும் வந்திருந்தார். ரசீதைக் கவரில் வைத்துத் தாம்பூலத்தோடு கொடுத்தோம். அவர் அங்கேயே கவரைப் பிரித்து, பெண்ணின் பெயர், தொகை, தேதி மூன்றையும் விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.

"போட்டோவே ஒண்ணும் சரியா வரலை சார்" என்றார் செயலாளர், காபி குடிக்கும்போது.

வரவில்லைதான். நானும் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அந்த அம்மா குனிந்து ரசீதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கொசுறு: மறுநாள் மறக்காமல் எட்டாவது கிராஸ் போய் வாழைத்தண்டு வாங்கிவிட்டேன். பேரம் பேசவில்லை.